யாரும் தொடாத தொட்டி

நம் மீன்தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறப்பவர் சொல்லும் முதல் வாக்கியத்தை நம்பாதீர்கள். "நாங்க எதையுமே தொடலை" என்பார்கள். மீன் மல்லாந்து மிதக்கும். விளக்கு எரியாது. ஃபில்டர் இருமிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது ஹிஞ்சேவாடிப் பக்கம் ஒரு வீட்டில்.

நான் இப்போது வீடு வீடாகப் போவதில்லை. தண்ணீர் வாளி தூக்கியே இடுப்பு போய்விட்டது. கேம்ப் ஏரியாவில் இருக்கும் நம் கடையோடு இருந்துவிடுகிறேன். உங்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி முதலாளி சேட் பல தடவை சொன்னார். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். கட்கியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் நான். இதை வாசிக்கத் தெரிந்தவர்கள், தெரியாத பையன்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

தொட்டியைக் கழுவுவதும் மீன் மாற்றுவதும் உங்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். சரியாகச் சந்தேகப்படுவதுதான் வராது. ஆகுர்டியில் ஒரு மோட்டார் கம்பெனித் தொழிலாளி வீட்டில் வாராவாரம் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நான் தொட்டியைச் சந்தேகப்பட்டேன். தரையைச் சந்தேகப்பட்டேன். அந்த வீட்டுச் சின்னப் பெண் பெயின்ட் பிரஷ் கழுவுகிறாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மூடியில் தீனி போடுவதற்கு இருக்கும் சின்னக் கதவைத் தலையால் தள்ளித் திறந்து, பக்கத்து வீட்டுப் பூனை தினமும் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. நான் பார்த்ததிலேயே உண்மையாக எதையும் தொடாதது அந்தப் பூனை ஒன்றுதான்.

அது சிரிக்கிற விஷயம். ஹிஞ்சேவாடி விஷயத்தில் ஒருவன் பிழைப்பே போக இருந்தது.

எங்கள் கடையில் கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்கிறவன் மோசஸ். நானும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் சத்தமாகச் சிரிப்பான், நான் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான் எங்கள் சிநேகிதம். அந்த வீட்டுக்கு வேலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஹோட்டலுக்காக அவன் ஒட்டிய பெரிய தொட்டி ஜாயின்ட் விட்டு, ஹோட்டல் முழுக்கத் தண்ணீரானது. சேட் கத்தவில்லை. "இன்னொண்ணு ஒழுகிச்சுன்னா மறுநாள் வராதே" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசினால் பயப்பட வேண்டும். கண்ணாடி ஒட்டுகிறவனுக்கு, இவன் ஒட்டினால் ஒழுகும் என்று ஒரு பேர் வந்துவிட்டால், கேம்ப்பிலிருந்து பிம்ப்ரி வரை எந்தக் கடையும் அவனை உள்ளே விடாது.

ஹிஞ்சேவாடித் தொட்டி அதற்கு அடுத்து அவன் ஒட்டியது. கோயம்புத்தூர்க்காரர்கள் வீடு. கணவன், மனைவி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. மேடம் பெயர் கவிதா. சாரை நான் சார் என்றே கூப்பிடுவேன். அவருக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஹாலில் டிவி அலமாரியின் நிறத்திலேயே தொட்டிக்கும் ஒரு மர டாப் செய்து வைத்திருந்தார்கள். தொட்டியின் தலையில் தொப்பி மாதிரி வெளிப்பக்கமாக இறங்கி உட்காரும். பார்க்க அழகு. எனக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் தெறிக்கும். தெறித்தது டாப்பின் உள்பக்கத்தில் பட்டால், மரத்தின் வழியாக இறங்கித் தொட்டிக்கு வெளியே வரும். அதனால் டாப்புக்குக் கீழே, தொட்டியின் வாயில் ஒரு கண்ணாடி மூடியைக் கிடத்தினேன். தெறிப்பது அதில் பட்டுத் திரும்ப உள்ளேயே சொட்டும். தண்ணீரையும் டாப்பின் கீழ் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தினேன். "இதுக்கு மேல ஊத்தாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை போனபோது தண்ணீர் டாப்பின் விளிம்பு வரை வந்திருந்தது. வெயில் காலம். வாரம் போனால் தண்ணீர் ஒரு விரலாவது இறங்க வேண்டும். இங்கே ஏறியிருந்தது. டாப்பைத் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி மூடியைக் காணோம்.

"மேடம், யாராவது தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்லீங்களே. நாங்க யாரும் தொடறதே இல்லீங்க. அவரைத் தொட்டிப் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லிட்டனுங்க. போன தொட்டியில டப்பாத் தீனிய அப்படியே கவுத்து, இருந்த மீனெல்லாம் போச்சுங்க."

உள்ளேயிருந்து சார் குரல் கொடுத்தார். "என்னைய வீட்டுக்குள்ள விட்டு வெச்சிருக்கறதே பெருசுங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணாடி மூடியைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டதற்கே எனக்குக் காது சூடாகிவிட்டது. தண்ணீரை இறக்கிவிட்டு, தரை துடைக்க வரும் மாவுஷியைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன். அந்த வீட்டில் வாளியும் கையுமாக நான் பார்த்தது அந்தம்மாவை மட்டும்தான்.

அடுத்த தடவையும் தண்ணீர் மேலே ஏறியிருந்தது. அதற்கு அடுத்த தடவை போவதற்குள் சேட் கூப்பிட்டுவிட்டார்.

தொட்டி ஒழுகுகிறது. பின்சுவர் ஊறிவிட்டது. அலமாரிப் பலகை உப்பிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் வீட்டுக் கூரையில் மஞ்சள் கறை. "டெம்போ அனுப்பறேன். காலி பண்ணித் தொட்டியக் கொண்டு வா. மோசஸ் கண்ணு முன்னாலயே ஜாயின்ட்ட அறுத்துப் பாக்கறேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

டெம்போவில் தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர், நான், மோசஸ். வழி முழுக்க அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கட்டிடத்துக்குக் கீழே வண்டி நின்றதும் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

"நீ போய் பாத்துட்டு வாடா. நான் மேல வரல."

"வாடா. உன் தொட்டிதானே?"

"அதான் வரல."

நான் தனியாக மேலே போனேன்.

ஹாலில் சார், மேடம், கீழ் வீட்டு ஜோஷி காகா. காகா பேங்கில் ரிட்டயர் ஆனவர். சோபாவில் கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நாங்கள் தொட்டியை ஜன்னல் வழியாகக் கடத்திவிடுவோம் என்பது மாதிரி.

"வந்துட்டீங்களா? முதல்ல இதக் காலி பண்ணுங்க" என்றார் சார். "என்ன ஒட்டு ஒட்டியிருக்காங்க? வந்து எத்தனை நாளாச்சு, அதுக்குள்ள விட்டுப்போச்சு."

நான் குனிந்து தொட்டியின் அடியில் விரலை விட்டேன். ஈரம். பின்பக்கம் விட்டேன். ஈரம். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மோசஸ்தான் என்று எனக்கும் தோன்றியது. இந்தத் தொட்டியை ஒட்டிய அன்று அவன் மகளோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே ஒட்டினான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காணாமல் போன கண்ணாடி மூடி ஞாபகத்துக்கே வரவில்லை. ஞாபகமும் அப்படித்தான், சந்தேகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றதாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கும்.

ஆனாலும் கை வாளியை எடுக்கவில்லை. தொட்டி காலியாகிவிட்டால் அது எங்கே ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தூக்கி, லிப்டில் சாய்த்து, டெம்போவில் குலுக்கிக் கேம்ப்புக்குக் கொண்டு போனால், நல்ல ஜாயின்ட்டும் வழியிலேயே விட்டுவிடும். அங்கே போய் அறுத்துப் பார்த்தால், முன்பே விட்டதா, வழியில் விட்டதா? யார் சொல்வது?

"சார், காலி பண்ணா ஒண்ணும் தெரியாது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"என்ன தெரியணும்? அதான் ஒழுகுதே!"

"ஒழுகுது சார். எங்கேர்ந்துன்னு..."

"மாவுஷி துடைக்கறப்ப இடிச்சிருப்பாங்க. இல்லீன்னா ஒட்டுனது சரியில்ல. ரெண்டுல ஒண்ணு."

"அந்தம்மா மேல போடாதீங்க" என்றார் மேடம். "அவங்க அந்த மூலைக்கே போறதில்ல, மீனப் பாத்தா பயம். ஏனுங்க, இவரு கொஞ்ச நேரம் பாக்கறேங்கறாரு. பாக்கட்டுமே? தொட்டி எங்க ஓடிரப் போவுது?"

மேடம் அப்படிச் சொல்லாவிட்டால் நான் வாளியை எடுத்திருப்பேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீரை நாலு விரல் இறக்கினேன். வெளியே நாலு பக்கமும் காய்ந்த துணியால் துடைத்தேன். அடியைச் சுற்றிலும் செய்தித்தாளை மடித்துச் செருகினேன். பின்சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில் டார்ச்சோடு உட்கார்ந்துகொண்டேன். ஜோஷி காகா எட்டிப் பார்த்து, "தொடச்சுத் தொடச்சு சாட்சிய அழிக்கறான்" என்று இந்தியில் சாரிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சேட் போனில் கூப்பிட்டார். "என்ன நேரமாகுது? சிநேகிதனக் காப்பாத்தறியா?"

"இல்ல சேட். பாத்துக்கிட்டிருக்கேன்."

"என்ன பாக்கறே?"

"பேப்பர."

அவர் போனை வைத்துவிட்டார்.

பேப்பர் நனையவில்லை. அதற்காக நான் சந்தோஷப்படவும் இல்லை. மேல் பாதியில் ஜாயின்ட் விட்டிருந்தால், தண்ணீரை இறக்கிய பிறகு நனையாதுதான். இதை நினைவில் வையுங்கள். நமக்குச் சாதகமாக ஒன்று நடந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

அப்போது சாரின் லேப்டாப் மணி அடித்தது. ஏதோ பெரிய இடத்திலிருந்து அழைப்பு. அவர் முகம் மாறியது. "ஐயோ, இப்பவா? ஒரு அஞ்சு நிமிஷம், யாரும் பேசாதீங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்து, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதுதான் அவர் தினமும் உட்காரும் இடம் போலிருக்கிறது. பின்னால் பச்சை விளக்கில் மீன்கள் நீந்த, முன்னால் அவர் முகம். போட்டோ ஸ்டுடியோ மாதிரி இருந்தது. நான் கேமராவில் பட்டுவிடப் போகிறேன் என்று தலையைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டேன். ஜோஷி காகா வாயை மூடிக்கொண்டு கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். மேடம் சமையலறை வாசலில் நின்றார்.

வீடு அமைதியானதும் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீரை நாலு விரல் இறக்கியிருந்தேன் அல்லவா? ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீருக்கு இப்போது விழ இடம் கிடைத்திருந்தது. சலசலவென்று விழுந்துகொண்டே இருந்தது.

லேப்டாப்பில் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுச் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் 'ரெயின்' என்ற சொல் உண்டு. அங்கே மழையா என்று கேட்கிறார்கள்.

சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார். அவருடைய இடது கை மட்டும் தனியாகக் கீழே போனது. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தது. நிறையத் தண்ணீர். கை பின்னால் வளைந்து, டாப்பில் தீனி போட வைத்திருந்த சின்னக் கதவைத் தூக்கி, தண்ணீரை உள்ளே ஊற்றியது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கழுத்தில் அரித்தால் சொறிந்துகொள்கிறோமே, அது மாதிரி. முகம் லேப்டாப்பை விட்டுத் திரும்பவே இல்லை. திரைக்குப் பின்னால் இன்னொரு ஜக்கும் நிறைந்து தயாராக இருந்தது. அதுவும் போனது. சலசலப்பு அடங்கியது.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜோஷி காகாவைப் பார்த்தார். காகா கைத்தடியைப் பார்த்தார்.

டார்ச்சை மேலே அடித்தேன். ஃபில்டர் தண்ணீர் டாப்பின் உள்பலகையில் தெறித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்து ஒரு துளி எட்டிப் பார்த்தது. தயங்கியது. பிறகு தொட்டியின் முதுகு வழியாக இறங்கிப் பேப்பரில் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. மோசஸ் ஒட்டிய ஜாயின்ட் பக்கம் அது வரவே இல்லை. நான் அந்த ஜாயின்ட் முழுக்க விரலால் தடவினேன். காய்ந்திருந்தது.

அழைப்பு முடிந்து லேப்டாப்பை மூடியதும் மேடம் ஆரம்பித்தார்.

"தொடவே இல்லைன்னீங்க?"

"என்ன தொட்டேன்?"

"கையில என்னதுங்க அது?"

சார் கையைப் பார்த்தார். ஜக் இன்னும் கையிலேயே இருந்தது. அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரிதான் பார்த்தார். அது நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். நன்றாகவே உற்றுப் பார்த்தேன்.

"இது... தண்ணிதானே கவி. மீனை எங்க தொட்டேன்? மீட்டிங்ல தினமும் கிண்டலுங்க, அருவியில உக்காந்து வேலை பாக்கறயான்னு. கொஞ்சம் ஊத்துனா சத்தம் நின்னுரும்."

"அந்தக் கண்ணாடி மூடி சார்?" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். துணியில் சுற்றிப் பத்திரமாகவே வைத்திருந்தார். "ஆவி படிஞ்சு வெளிச்சம் மங்கிருதுங்க. கேமராவுல மீனே தெரியறதில்ல."

"ஏம்ப்பா, உன் மீட்டிங்குக்கு என் கூரையா?" என்றார் ஜோஷி காகா இந்தியில். அதைக் கேட்டுச் சிரித்தவர் மேடம் மட்டும்தான், அவரும் உடனே நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடி மூடியைப் போட்டேன். தண்ணீரை மறுபடி இரண்டு விரல் இறக்கினேன். சத்தத்துக்கு, ஃபில்டர் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கட்டினேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் சத்தம் ஒருவருக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று தெரிந்தால்தானே செய்வது?

கிளம்ப வாளியை எடுத்தேன், மறுபடி கீழே வைத்தேன். சேட்டிடம் நான் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார், சிநேகிதனைக் காப்பாற்றுகிறான் என்பார். "சார், சேட்கிட்ட நீங்க ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன்.

"நானே ஆபீஸ் முடிச்சுக் கூப்பிடறேன்" என்றார் சார்.

நான் நம்பவில்லை. மேடமும் நம்பவில்லை போலிருக்கிறது. தன் போனிலேயே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, சார் முகத்துக்கு நேரே நீட்டினார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜாயின்ட்டெல்லாம் நல்லா இருக்கு. டாப்லதான் பிரச்சினை. சரி பண்ணியாச்சு" என்றார். தன்னைச் சொல்லவில்லை, டாப்பைச் சொன்னார். எனக்கு அது போதும்.

கீழே மோசஸ் டெம்போவில் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து இறங்கினான்.

"எங்கடா தொட்டி?"

"மேலதான் இருக்கு. ஜாயின்ட் விடல. தண்ணி டாப் வழியா வந்திருக்கு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லா பாத்தியா?"

"விரல வெச்சுப் பாத்தேன்."

"இன்னொரு வாட்டி பாத்துட்டு வாயேன்."

"அரே, என்னடா நீ?"

"இல்லடா மணி, நான்தான்னு நெனச்சேன். வண்டில வரப்பவே முடிவு பண்ணிட்டேன். சேட் அறுக்கட்டும், அதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டு நின்னுக்கலாம்னு. அன்னிக்கு என் கை சரியில்ல போலன்னு எனக்கே பட்டுச்சு."

தம்பிகளே, அந்தத் தொட்டியை நான் காலி பண்ணி இறக்கியிருந்தால், மோசஸைக் குற்றவாளியாக்க சேட்டும் தேவையில்லை, சாரும் தேவையில்லை. அவனே ஒப்புக்கொண்டு போயிருப்பான். எல்லோரும் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டால், கொஞ்ச நாளில் அந்த ஆளும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். அதனால்தான் சொல்கிறேன், எந்த வீட்டிலும் தண்ணீரை முதலில் கொட்டிவிடாதீர்கள். மட்டத்தை இறக்குங்கள், துடையுங்கள், பேப்பரைச் செருகுங்கள், உட்காருங்கள். உங்களைப் பார்த்து யார் முணுமுணுத்தாலும் உட்காருங்கள். யாரும் தொடவில்லை என்று சொல்கிற வீட்டில், தொட்ட கை தானாக ஒரு தடவை வரும்.

மோசஸ் இன்னும் எங்கள் கடையில்தான் ஒட்டுகிறான். ஒட்டி முடித்துக் காய்ந்த பிறகு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு நாள் விட்டுவைப்பான். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து பேப்பரைத் தொட்டுப் பார்ப்பேன்.

"இன்னா போலீஸ்காரரே, காஞ்சிருக்கா?" என்பான்.

"காஞ்சிருக்கு" என்பேன்.

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பேன். நான் நகர்ந்ததும் அவனும் வந்து தொட்டுப் பார்ப்பான்.